சுற்றுச்சூழல் அறிவியல் பட்டம்: சேரும் முன்னும் சேர்ந்த பின்னும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பி.காம். சேர்ந்தாலும் பி.ஏ. தமிழ் சேர்ந்தாலும் ஏதாவது ஒரு பருவத்தில் ‘ஈவிஎஸ்’ தாளை எழுதித்தான் ஆகவேண்டும். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக வைக்கச் சொன்னது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு அதை எல்லா இளநிலைப் பட்டங்களுக்கும் கொண்டுவந்தது. தேர்வுக்கு முந்தின இரவு கைடைப் புரட்டிவிட்டு, ஓசோன் படலம் பற்றி நாலு பக்கம் எழுதினால் தேறிவிடலாம் என்று பெயரெடுத்த தாள் அது. ஆகவே பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் எடுக்கப்போவதாக நீங்கள் சொன்னதும், “ஈவிஎஸ்ஸைப் போயா மூணு வருஷம் படிக்கப்போறே?” என்று சித்தப்பா கேட்டால் அவர்மேல் கோபப்படாதீர்கள். அவருக்குத் தெரிந்தது அந்தத் தாள் மட்டும்தான்.

இன்னொரு குழப்பம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மரம் நடப் பிடிக்கும், யானை பிடிக்கும், பிளாஸ்டிக் பையைக் கண்டால் ஆத்திரம் வரும் என்பதற்காகவே இதில் சேருகிறவர்கள் நிறையப் பேர். ஆர்வம் நல்லதுதான். ஆனால் வகுப்பில் நடப்பது வேறு. இது அளக்கிற படிப்பு. தண்ணீரில் எவ்வளவு, காற்றில் எவ்வளவு, எந்த மாதத்தில், யார் அளந்தார்கள், எந்த முறையில் என்று ஓயாமல் கேட்கிற படிப்பு. ஆறு கெட்டுப்போய்விட்டது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எந்த இடத்தில், எதனால், எவ்வளவு கெட்டது, சரிசெய்ய என்ன ஆகும் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் வேலை.

நொய்யலைக் கொண்டு பாடத்திட்டத்தைப் படிப்பது

பாடத்திட்டத்தை அப்படியே படித்தால் ஒன்றும் விளங்காது. ‘சூழலியல் அடிப்படைகள்’, ‘சுற்றுச்சூழல் வேதியியல்’, ‘சட்டமும் கொள்கையும்’ என்று தலைப்புகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்கும். ஓர் ஆற்றை எடுத்துக்கொண்டால் விளங்கும்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. திருப்பூரில் பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, சாயம் நூலில் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொட்டி நீரில் உப்பை அள்ளிப் போட்டாக வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியே வரும். சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் போதாதா என்று தோன்றும். சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டு நிறத்தை எடுத்துவிடலாம், நுண்ணுயிர்களை வளர்த்துக் கரிமக் கழிவைத் தின்ன வைக்கலாம். கரைந்திருக்கிற உப்பை இந்த இரண்டு வழியும் தொடாது. கண்ணாடி மாதிரி தெளிந்து வெளியே வரும் தண்ணீர் வயலில் பாய்ந்தால் மண் இறுகும், பயிர் கருகும், கிணறு உவர்க்கும்.

பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவுநீர் தேங்கும் இடமாகிப்போனது. நொய்யல் பாசன விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்த அந்த விவகாரத்தில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரைக்கூட வெளியே விடாத முறைக்கு வந்தவர்கள்தான் பிறகு ஆலையைத் திறக்க முடிந்தது. அந்த முறையில் கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வில் அழுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். மிஞ்சுகிற அடர்ந்த உப்புநீரை ஆவியாக்கியில் காய்ச்சுகிறார்கள். அதற்கு மின்சாரமும் விறகும் நிறையச் செலவாகும். விறகு எரிந்தால் புகை. கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிடும். அதை எங்கே வைப்பது?

இனி பாடத்திட்டத்தைத் திரும்பப் பாருங்கள். சாயம் நூலைப் பிடிப்பது வேதியியல். நுண்ணுயிர் தொட்டி நுண்ணுயிரியல். சோடியம் மண்ணை இறுக்குவது மண்ணியல். உப்பு எத்தனை ஆண்டில் எந்தக் கிணற்றுக்குப் போய்ச் சேரும் என்பது நிலத்தடி நீரியல். வழக்கு நின்றது 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் மீதும், போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் மீதும். சுத்திகரிப்புச் செலவைப் பனியன் விலையில் யார் ஏற்பது என்பது பொருளியல். மூன்றாண்டில் இவை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடுவீர்கள்.

அந்தக் ‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்பதில்தான் இந்தப் பட்டத்தின் பலமும் பலவீனமும் இருக்கிறது. வேதியியல் மாணவர் உங்களைவிட அதிக வேதியியல் அறிவார், தாவரவியல் மாணவர் அதிகச் செடி அறிவார். எல்லாம் தெரியும், ஆனால் எதையும் கையில் எடுத்துச் செய்யத் தெரியாது என்ற நிலையில் பலர் வெளியே வருகிறார்கள். நேர்காணலில் “உங்களுக்கு என்ன செய்ய வரும்?” என்று கேட்டால் ‘சஸ்டெய்னபிலிட்டி’ என்று பதில் சொல்கிறார்கள். இந்த அத்தியாயம் முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: பட்டம் அகலமாகவே இருக்கட்டும், அதற்குள் ஆழமாகத் தோண்ட ஓர் இடத்தை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

யார் சேரலாம், யாருக்கு வேண்டாம்

வேதியியலிலிருந்து தப்பிக்க இங்கே வராதீர்கள். பிளஸ் டூவில் வேதியியல் பிடிக்காமல், ‘சுற்றுச்சூழல் என்றால் தியரிதானே’ என்று வருகிறவர்கள்தான் முதல் ஆண்டிலேயே அரியர் வைக்கிறார்கள். கணக்கில் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை; ஆனால் புள்ளியியலைக் கண்டு ஓடக் கூடாது. சராசரி என்ன செய்யும் என்று தெரியாதவர் காற்றுத் தரத்தைப் பற்றிப் பேசவே முடியாது. நம் நாட்டுத் தரநிலைப்படி பிஎம் 2.5 நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் நாள் சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம், ஆண்டுச் சராசரியாக 40 வரை. உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்ன அளவுகள் 15, 5. ஒரே ஊரை நல்ல ஊர் என்றும் மோசமான ஊர் என்றும் காட்ட, எந்தச் சராசரியை எந்த அளவோடு ஒப்பிடுகிறோம் என்பதே போதும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆய்வக அறிக்கை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும் விண்ணப்பம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். முதல் ஆண்டில் சிரமப்படுவீர்கள், மூன்றாம் ஆண்டில் பழகிவிடும். மறுபக்கத்தில், கிணற்றுத் தண்ணீர் எப்போது உவர்க்க ஆரம்பித்தது என்று ஒரு விவசாயியிடம் உட்கார்ந்து கேட்டு, அவர் சொல்கிற மாதத்தையும் மழையையும் ஆங்கில அறிக்கையில் சரியாக எழுதத் தெரிந்தவர்கள் ஆலோசனை நிறுவனங்களில் குறைவு. அந்த இரண்டையும் சேர்த்துச் செய்யக்கூடியவருக்கு மதிப்பு இருக்கிறது.

சேர்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய மூடிய கதவுகள் சில உண்டு. விளம்பரப் பிரசுரத்தில் இவற்றை யாரும் அச்சடிப்பதில்லை.

பலர் இந்திய வனப் பணிக்குப் போகலாம் என்று நினைத்துச் சேர்கிறார்கள். அந்தத் தேர்வுக்குப் பட்டத்தில் கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றாவது பாடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேளாண்மை, வனவியல், பொறியியல் போன்ற பட்டம் வேண்டும். பட்டியலில் சுற்றுச்சூழல் அறிவியலின் பெயர் இல்லை. ஆகவே துணைப்பாடமாக வேதியியலோ தாவரவியலோ விலங்கியலோ வைத்திருக்கும் கல்லூரியைப் பாருங்கள், அந்தப் பெயர் மதிப்பெண் பட்டியலில் வெளிப்படையாக அச்சாகிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். வனத்துறைதான் கனவு என்றால், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் வனவியல் பட்டம் நேரான பாதை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளர் பதவி பொறியியல் பட்டதாரிகளுக்கு. சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவிக்கு அறிவியலில் முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். பி.எஸ்சி.யை மட்டும் வைத்துக்கொண்டு வாரியத்துக்குள் அதிகாரியாகப் போவது கடினம். ஆசிரியர் வேலையை நினைத்திருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். நம் மேல்நிலைப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாக இல்லை. உங்கள் பட்டம் எந்தப் பள்ளிப் பாடத்துக்கு இணையாக ஏற்கப்படுகிறது என்ற இணைத்தன்மை விவரம் கையில் இல்லாமல் பி.எட். சேர்ந்தால் பிறகு அலைய வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, உள்ளூரில் நல்ல ஆய்வகமுள்ள சுற்றுச்சூழல் அறிவியல் துறை இல்லையென்றால் என்ன செய்வது என்று கேட்டால், என் பதில் இது: நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலோ விலங்கியலோ நிலவியலோ படியுங்கள், பிறகு எம்.எஸ்சி.க்கு இந்தத் துறைக்கு வாருங்கள். பாரதியார் பல்கலைக்கழகம், பெரியார் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதுநிலையில் இந்தத் துறை இருக்கிறது. வேறு அறிவியல் பட்டத்திலிருந்து வருகிறவர்களையும் சேர்க்கும் துறைகள் பல. சுமாரான கல்லூரியில் பொருத்தமான பெயருள்ள பட்டத்தைவிட, நல்ல கல்லூரியில் பழைய பெயருள்ள பட்டம் மேல். இந்தக் கருத்தோடு மாறுபடுகிற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் துறைகள் பெரும்பாலும் நல்ல துறைகளாகத்தான் இருக்கின்றன.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது

முகப்பையும் நூலகத்தையும் காட்டுவார்கள். நீங்கள் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். நிறமாலை ஒளிமானி உறை போட்டு அலமாரிக்குள் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். பிஓடி (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) சோதனைக்கான இன்குபேட்டர் ஓடுகிறதா, உள்ளே பாட்டில்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் ரெக்கார்டு நோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே அளவீடு எழுதியிருந்தால், சோதனையை ஒருவர் செய்ய மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள் என்று அர்த்தம். களப்பயணம் என்பது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பேருந்தில் போய்ப் படம் எடுத்து வருவதா, அல்லது பக்கத்து ஏரிக்கு மாதா மாதம் போய் ஒரே இடத்தில் சாம்பிள் எடுப்பதா என்றும் கேளுங்கள். இரண்டாவது வகை நடக்கிற கல்லூரி என்றால், கட்டடம் பழையதாக இருந்தாலும் யோசிக்காமல் சேரலாம்.

கை பழகுதல்

முதல் ஆண்டில் உங்கள் முழுக் கவனமும் ஆய்வகத்தில் இருக்கட்டும். உதாரணமாக ஒரே ஒரு சோதனையைச் சொல்கிறேன், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை. பழையது, மலிவானது, இன்றைக்கும் நம்பகமானது. 300 மி.லி. பாட்டிலைக் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்ப வேண்டும். ஆற்றங்கரையிலேயே மாங்கனஸ் சல்ஃபேட்டும் காரம் கலந்த அயோடைடும் நீருக்கடியில் பிப்பெட் முனை இருக்கும்படி விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக வண்டல் இறங்கும். வெள்ளையாகவே நின்றுவிட்டால் அந்த நீரில் ஆக்சிஜன் இல்லை. கூவத்தில் எடுத்த சாம்பிளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு கந்தக அமிலம் விட்டு வண்டலைக் கரைத்து, 200 மி.லி. எடுத்து, ஸ்டார்ச் சேர்த்து, நீல நிறம் மறையும் வரை 0.025 நார்மல் தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். செலவான மில்லிலிட்டர் எண்தான் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் என்ற விடை.

இதில் எங்கெல்லாம் தவறு நடக்கும் என்று யோசிப்பதுதான் படிப்பு. குமிழி ஒன்று உள்ளே போனால் ஆக்சிஜன் கூடும். கரையில் மருந்து விடாமல் கல்லூரிக்குக் கொண்டுவந்தால் வழியில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றுவிடும். காலை 6 மணிக்கு எடுத்த சாம்பிளையும் மதியம் 2 மணிக்கு எடுத்த சாம்பிளையும் ஒப்பிட்டால், பாசி நிறைந்த ஏரியில் மதியம் ஆக்சிஜன் ஏறியிருக்கும். நீர் சுத்தமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் அல்ல. உலோகம் பார்க்க வேண்டிய சாம்பிளில் நைட்ரிக் அமிலம் விட வேண்டும், கோலிஃபார்ம் பார்க்க வேண்டியதைக் கிருமி நீக்கிய பாட்டிலில் ஐஸ் பெட்டிக்குள் கொண்டுவர வேண்டும். ஒரே ஆற்றில் ஒரே நேரத்தில் மூன்று பாட்டில், மூன்று விதமான கவனம். இந்தக் கைப்பழக்கம் உள்ள மாணவரை எந்த ஆய்வகமும் முதல் நாளிலேயே கண்டுகொள்ளும்.

எண்களின் பின்னணியையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுப் பாடநூலில் பிஓடி என்றால் 20 டிகிரியில் 5 நாள். நம் இந்தியத் தரநிலையில் 27 டிகிரியில் 3 நாள், நம் வெப்பத்துக்கு ஏற்றபடி. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. ஃபுளோரைடுக்கு இந்த அளவுகள் 1, 1.5. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல்லில் பழுப்புக் கறை ஏன் என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கும் அது ஒரு காரணம்.

இரண்டாம் ஆண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

தேர்ந்தெடுக்க நாலைந்து வழி இருக்கிறது, அவற்றில் மூன்றைச் சொல்கிறேன். நீர், காற்றுப் பகுப்பாய்வு ஒன்று. செயற்கைக்கோள் படங்களும் ஜிஐஎஸ்ஸும் இன்னொன்று. இதற்குச் செலவே இல்லை. கியூஜிஐஎஸ் இலவசம், லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம், ஐரோப்பிய சென்டினல்-2 படங்களும் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசம். ஒரு மடிக்கணினியும் பொறுமையும் இருந்தால், 2022இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் கடந்த சில பத்தாண்டுகளில் எப்படிச் சுருங்கியது என்பதை நீங்களே வரைபடமாக்கலாம். சென்னையில் இல்லையென்றால் உங்கள் ஊர் ஏரியை எடுங்கள். யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

உயிரினங்களை அடையாளம் காண்பது மூன்றாவது வழி. இதற்குக் குறுக்குவழி இல்லை. பறவையில் ஆரம்பிப்பது சுலபம். பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள், பெரியவர்கள் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். செடிகளில் ஆர்வம் என்றால் திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தைப் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டுத் தாவரங்களை அங்கிருந்துதான் கே.எம். மேத்யூ பெரும் தொகுதிகளாக ஆவணப்படுத்தினார். பறவையும் விலங்கும் என்றால் கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் இருக்கிறது. புல்லையும் கோரையையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த இளைஞர்கள் இன்று அருகிவிட்டார்கள். யாரும் போகாத பக்கம் என்பதாலேயே அங்கே போக நான் தூண்டுவேன்.

புள்ளியியலும் ‘ஆர்’ போன்ற இலவச நிரலும் எந்த வழியில் போனாலும் உடன் வரும்.

மதிப்பீட்டு அறிக்கையைப் படிக்கப் பழகுங்கள்

பாடத்திட்டத்தில் ‘ஈஐஏ’ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) என்று ஓர் அலகு இருக்கும். வரையறை, படிநிலைகள், அட்டவணை என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போகாதீர்கள். இதற்கான 2006 அறிவிக்கையின்படி பெரிய திட்டங்கள் பலவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வைக்க வேண்டும். ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார், வாரியம் நடத்தும், வீடியோ எடுப்பார்கள். உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு கூட்டம் அறிவித்தால், தமிழ்ச் சுருக்கத்தையும் ஆங்கில முழு அறிக்கையையும் வாங்கி அருகருகே வைத்துப் படியுங்கள். மத்திய அரசின் பரிவேஷ் தளத்திலும் அறிக்கைகள் கிடைக்கும்.

எதைப் பார்ப்பது? முதலில் காலம். அடிப்படைத் தரவு பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில் எடுத்ததாக இருக்கும். அப்படியானால் ஆறு மாதம் வறண்டு கிடக்கும் ஓடையை ‘நீர்நிலை இல்லை’ என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்தது காற்று. அந்தப் பருவத்தில் காற்று வீசும் திசையைக் காட்டும் வரைபடம் அறிக்கையிலேயே இருக்கும். கண்காணிப்பு நிலையங்களை அதன்மேல் வைத்துப் பாருங்கள். புகை போகாத பக்கத்தில் எல்லா நிலையங்களும் இருந்தால் அந்த எண்களுக்கு என்ன மதிப்பு? மூன்றாவது உயிரினப் பட்டியல். சுற்றிலும் 10 கி.மீ. எடுத்து ஆய்வு செய்ததாகச் சொல்லும் அறிக்கைகள் சிலவற்றில், வறண்ட ராமநாதபுரத்துப் பட்டியலில் மழைக்காட்டுப் பறவை இருக்கும். வேறொரு அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டியது தெரிந்துவிடும். மகாராஷ்டிரத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பகுதிகளை அப்படியே எடுத்துப் போட்டது அம்பலமான கதையும் உண்டு.

கூட்டத்தில் நீங்கள் பேசித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து யார் பேசுகிறார்கள், யாருடைய கேள்விக்கு விடை வருகிறது, எது குறிப்பில் ஏறுகிறது என்று கவனியுங்கள். கூட்டம் சூடாகும் என்று தெரிந்தால் தனியாகப் போகாதீர்கள்; ஆசிரியரிடம் சொல்லிவிட்டு நாலு பேராகப் போங்கள். வாரியத்தின் பக்கமோ நிறுவனத்தின் பக்கமோ ஊரின் பக்கமோ பின்னால் நீங்கள் எங்கு வேலை செய்தாலும், இப்படி ஓர் அறிக்கையை ஓட்டை தேடிப் படிக்கத் தெரிந்தவர் என்பது உங்களைத் தனியாகக் காட்டும்.

பட்டம் முடிந்தபின்

பி.எஸ்சி.யோடு வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் போவது தனியார் பரிசோதனை ஆய்வகங்களுக்கும், ஆலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும். சேரும்முன் ஆய்வகத்துக்கு, பரிசோதனைத் தரத்துக்கான என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பதிவேடும் அளவுத்திருத்தமும் ஒழுங்காகக் கற்றுக்கொள்வீர்கள். ஆரம்பச் சம்பளம் குறைவுதான். களவேலை உண்டு, புகைபோக்கியில் ஏறி மாதிரி எடுக்கிற வேலையும் உண்டு. பெண்களை இதற்கு எடுக்கத் தயங்குகிற நிறுவனங்கள் இருக்கின்றன, அனுப்பத் தயங்குகிற வீடுகளும் இருக்கின்றன. களப்பணிக்கு வாகனமும் உடன் ஒருவரும் தருவார்களா, பாதுகாப்புக் கயிறும் தலைக்கவசமும் தருவார்களா என்று நேர்காணலிலேயே கேட்பதில் தவறில்லை. ஆண்களும் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

அண்மைக்காலத்தில் திறந்த கதவு ஏற்றுமதி ஆலைகளிலும் பட்டியலிட்ட நிறுவனங்களிலும் இருக்கிறது. பங்குச்சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து தங்கள் சுற்றுச்சூழல் விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி கட்டாயமாக்கியது. திருப்பூரில் வெளிநாட்டு வாங்குபவர்கள் சாயப்பட்டறையின் ரசாயனப் பட்டியல்வரை கேட்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று கணக்கு வைத்து நிரூபிக்க ஆள் தேவை. இந்த வேலையில் பாதி எக்செல்தான், அதைக் கேவலமாக நினைக்காதீர்கள். மீட்டரைப் போய்ப் பார்க்காமல் எண்ணை நிரப்புகிறவருக்கும் பார்த்து நிரப்புகிறவருக்கும் உள்ள வித்தியாசம் தணிக்கையில் தெரியும்.

மேற்படிப்புக்குப் போவதே இந்தப் பட்டத்தின் இயல்பான தொடர்ச்சி. 2021 முதல் கேட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் என்று தனித் தாள் வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டில் இருக்கும்போதே எழுதலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களின் எம்.எஸ்சி.க்குப் பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது. டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் புலம் இந்தத் துறையில் நாட்டின் பழைய புலங்களில் ஒன்று. கல்லூரி ஆசிரியராக நெட் தேர்விலும் இந்தப் பாடம் தனியாக உண்டு, அது எம்.எஸ்சி.க்குப் பிறகு.

மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டை உங்கள் ஊரிலேயே, நடந்தோ மிதிவண்டியிலோ போகக்கூடிய தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘தமிழ்நாட்டில் நீர் மாசு’ என்று தலைப்பு வைத்து இணையத்தில் தேடி எழுதுவதைவிட, ஒரு தெருவின் 20 கிணறுகளில் பங்குனியிலும் கார்த்திகையிலும் கடத்துத்திறன் அளந்து வரைபடமாக்கினால் நேர்காணலில் பேச விஷயம் இருக்கும். மூலத் தரவு, அளந்த தேதி, கருவியை எந்தத் திரவத்தில் திருத்தினீர்கள் என்ற குறிப்பு எல்லாம் நோட்டில் இருக்கட்டும். சரியில்லாத எண்களையும் அழிக்காதீர்கள்.

கல்லூரியை விட்டு வருமுன் கடைசியாக ஓர் அலுவலக வேலை பாக்கி இருக்கும். மூன்றாண்டுப் பாடத்திட்டம் முழுவதையும் துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையுமாக ஒரு படி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இணைத்தன்மைச் சான்றுக்கும், வேறு துறை எம்.எஸ்சி.க்கும், ‘வேதியியல் படித்திருக்கிறீர்களா’ என்று தேர்வாணையம் கேட்கும்போதும் அதைத்தான் நீட்ட வேண்டியிருக்கும். நாலைந்து ஆண்டு கழித்துத் திரும்பப் போனால் பாடத்திட்டம் மாறியிருக்கும், உங்களைத் தெரிந்த துறைத் தலைவரும் ஓய்வு பெற்றிருப்பார்.